பொழிப்புரைக்கு அடங்காத பாட்டு

மேற்கத்திய ராக் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நமது இலக்கிய நண்பர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நிற்பதைப் பல ஆண்டுகளாக நாம் பார்த்து வருகிறோம். முதல் அணிக்கு அது இரைச்சல். பன்னாட்டு நிறுவனங்கள் இளைஞர் தலையில் கட்டும் சரக்கு. சிற்றிதழ் வாசகன் அதற்குச் செலவிடும் நேரம் வீண். இரண்டாம் அணி அந்த இசையை விரும்புகிறது. ஆனால் விரும்புவதற்கு ஒரு காரணம் காட்டியாக வேண்டும் என்று எண்ணி, பாட்டின் வரிகளைத் தமிழாக்கி, அவற்றிலிருந்து ஒரு கருத்தை உருவி எடுத்து, அந்தக் கருத்தின் உயர்வால் பாட்டும் உயர்ந்தது என்று நிறுவ முற்படுகிறது.

முதல் அணியோடு நமக்குப் பெரிய வழக்கு இல்லை. கேளாதவரிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம். அதற்கு மேல் அவர் விருப்பம். நமது வழக்கு இரண்டாம் அணியோடுதான். தவறான காரணத்துக்காக ஒரு கலைப்படைப்பைப் புகழ்வது, அதைப் புறக்கணிப்பதைவிடக் கூடுதலான சேதத்தை விளைவிக்கும் என்பது நமது கட்சி. புறக்கணிக்கப்பட்ட பாட்டு பத்திரமாக இருக்கிறது. என்றேனும் ஒருவர் வந்து கேட்பார். தவறாகப் புகழப்பட்ட பாட்டையோ எவரும் கேட்க வேண்டியதில்லை. அதன் கருத்துதான் கைக்கு வந்துவிட்டதே!

இதற்குச் சான்றாக ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் உருவான ஆர்.ஈ.எம். என்னும் நால்வர் குழு, 1991 பிப்ரவரியில் வெளியிட்ட ‘லூசிங் மை ரிலிஜன்’. அடுத்த மாதம் வந்த ‘அவுட் ஆஃப் டைம்’ இசைத்தொகுப்புக்கு முன்னோடியாக வெளியான பாட்டு அது. மாற்று ராக் என்று வகைப்படுத்தப்படும் இசையின் செவ்வியல் படைப்புகளுள் ஒன்றாக இன்று எண்ணப்படுகிறது. சில காலம் முன்பு நாம் படிக்க நேர்ந்த ஒரு சிற்றிதழ்க் கட்டுரை, தலைப்பை ‘என் மதத்தை இழக்கிறேன்’ என்று பெயர்த்து, நீட்சேயைத் துணைக்கழைத்து, இப்பாட்டு கடவுள் மறுப்பின் பிரகடனம் என்று முடிவு கட்டியிருந்தது. எழுதியவரின் ஆர்வத்தில் நமக்கு ஐயமில்லை. ஒரு பாட்டைப் பற்றி ஆறு பக்கம் எழுதியவர், அதில் ஒலிக்கும் ஒரு வாத்தியத்தின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை என்பதுதான் நம்மைத் துணுக்குறச் செய்தது.

முதலில் தலைப்பு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வழங்கும் ஒரு பேச்சுத் தொடர் அது. பொறுமையின் எல்லைக்குத் தள்ளப்பட்டவன், நிதானம் இழந்தவன், நயத்தக்க நடத்தையை இனிக் காக்க முடியாத நிலைக்கு வந்தவன் சொல்வது. ‘சிவனே என்று கிடந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் சைவ தீட்சை பெற்றதாக நாம் எழுதுவதில்லை. ‘எனக்கு நாமம் போட்டுவிட்டான்’ என்று புலம்புகிறவரை வைணவராக்கி மகிழ்வதும் இல்லை. நம் மொழியில் செய்யத் துணியாத பிழையை அயல்மொழியில் செய்யும்போது மட்டும் அது தத்துவமாகிவிடுகிறது. பாட்டை எழுதிப் பாடிய மைக்கேல் ஸ்டைப், இது கைகூடாத காதலைப் பற்றியது, ஒருவர்மீது கொள்ளும் பித்தைப் பற்றியது என்று பலமுறை விளக்கியிருக்கிறார்.

இவ்விடத்தில் நண்பர்கள் எழுந்து நிற்பார்கள் என்பதை அறிவோம். ‘ஆசிரியன் இறந்துவிட்டான், ரோலான் பார்த் 1967இலேயே அறிவித்தாயிற்று, ஸ்டைப் சொல்வது எங்களைக் கட்டுப்படுத்தாது, வாசகனுக்குப் பிரதியின்மீது முழு உரிமை உண்டு’ என்பார்கள். நன்று. ஆசிரியனை விட்டுவிடுவோம். ஆனால் பார்த் வாசகனுக்கு வழங்கியது பிரதியை வாசிக்கும் உரிமை. பிரதியைத் தாண்டிக் குதிக்கும் உரிமை அன்று. ஒரு பாட்டின் பிரதி அச்சிட்ட வரிகளோடு முடிவதில்லை. அந்த வரி எந்த ஊர்ப் பேச்சில் பிறந்தது, எந்தச் சுருதியில் நிற்கிறது, எந்த வாத்தியம் அதை ஏந்தி வருகிறது, பாடகன் எவ்விடத்தில் மூச்சு விடுகிறான் என்பன அனைத்தும் பிரதிதான். இவற்றுள் ஒன்றையும் தொடாமல் தலைப்பை மட்டும் அகராதி வைத்துப் பெயர்த்தவர், பார்த்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்க இயலாது.

சரி, பாட்டில் நடப்பது என்ன? ஒருவர் பேசுகிறார், மற்றவர் பேசவே இல்லை. பேசுகிறவர் தம் ஒவ்வொரு சொல்லையும் சொன்ன மறுகணமே சந்தேகிக்கிறார். மிகுதியாகச் சொல்லிவிட்டோமோ என்ற அச்சமும், போதுமான அளவு சொல்லவில்லையோ என்ற தவிப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. மற்றவரிடமிருந்து ஏதோ ஒரு சைகை வந்ததாகத் தோன்றுகிறது. அது வெறும் தோற்றமாகவும் இருக்கலாம். காதலிக்கப்படுபவர் யார், ஆணா பெண்ணா, எங்கிருக்கிறார், அவருக்கு இவரைத் தெரியுமா என்று எதுவும் சொல்லப்படுவதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயரிட்டு, அதை ஐந்திணைக்கு வெளியே ஓர் ஓரத்தில் நிறுத்தியது தொல்காப்பியம். பதில் வராத இடத்தில் பேசிக்கொண்டே இருப்பவனைத் தொல்காப்பியர் நன்கு அறிவார். ஆயினும் ‘இதெல்லாம் நம்மிடம் என்றோ இருந்ததே’ என்று மார்தட்ட நாம் வரவில்லை. அதுவும் கேளாமைக்கு ஒரு வழிதான். வேறுபாடுதான் இங்கே கவனிக்கத்தக்கது. தொல்காப்பியத்தின் கைக்கிளைத் தலைவன் தான் பேசுவதிலேயே இன்பம் காண்கிறான். ஸ்டைப்பின் பாத்திரத்துக்கு அந்த இன்பமும் இல்லை. தன் பேச்சே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவன் கூசுகிறான். இரண்டுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் நவீன மனம் என்று நாம் வாய் ஓயாமல் பேசும் அந்தப் பொருள் இருக்கிறது. கடவுள் மறுப்பைத் தேடிச் சென்றவர் கைக்கெட்டும் தூரத்திலிருந்த இதைக் காணவில்லை.

இனி இசைக்கு வருவோம். இப்பாட்டின் முதுகெலும்பு மாண்டலின். குழுவின் கிதார் கலைஞரான பீட்டர் பக் அப்போதுதான் ஒரு மாண்டலினை வாங்கியிருந்தார். வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த நாள்களில், தொலைக்காட்சியைப் பார்த்தபடியே விரல்போன போக்கில் வாசித்ததை ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். அந்தப் பயிற்சிப் பதிவின் நடுவே கிடந்ததுதான் இப்பாட்டின் மெட்டு. கிதாரின் தந்திகள் பெரும்பாலும் நான்காம் இடைவெளியில் சுருதி கூட்டப்படுபவை; மாண்டலினின் இரட்டைத் தந்திகளோ வயலினைப் போல ஐந்தாம் இடைவெளியில் அமைந்தவை. பழகிய விரல் பழகாத இடத்தில் விழும்போது, பழக்கம் தராத ஒரு வரிசை பிறக்கிறது. கிதாரில் அமர்ந்திருந்தால் இந்த மெட்டு வந்திருக்காது என்ற கருத்தைப் பக்கே சொல்லியிருக்கிறார்.

மாண்டலின் என்றதும் நம்மவர்க்கு உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் கையில் இருந்தது மின்மாண்டலின். அதனால்தான் ஸ்வரத்தை நீட்டி கமகம் கொடுக்க முடிந்தது. பக் வாசித்தது மின்னிணைப்பு இல்லாத மரபுக்கருவி. அதில் ஒரு ஸ்வரம் பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. ஓசை அறுந்துவிடாமல் இருக்க வேண்டுமானால் மீண்டும் மீண்டும் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மௌனம், மௌனத்துக்கு அஞ்சி மறுபடி மீட்டல். பேச்சை நிறுத்த அஞ்சும் ஒருவனின் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியத்தை நம்மால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. இது தற்செயலாக அமைந்தது என்று சொல்வீர்களானால், தற்செயலாக வந்ததைக் கண்டதும் இதுதான் என்று அறிந்து கைவிடாமல் பற்றிக்கொள்வதற்கே கலைத்திறன் என்று பெயர் என்போம்.

அடுத்து, பாட்டின் கட்டமைப்பு. வானொலிப் பாட்டுகளின் வழக்கமான இலக்கணம் நாம் அறிந்ததே. சரணத்தில் அழுத்தம் சேரும். தலைப்பை உரக்கக் கூவும் பல்லவியில் அது வெடித்து இறங்கும். இங்கே அத்தகைய பல்லவி கிடையாது. தலைப்புத் தொடர் சரணத்தின் போக்கிலேயே வந்து, நின்று கவனிக்கப்படாமலேயே கடந்து போகிறது. பல்லவி போலத் தோன்றும் ஒரு பகுதி உண்டு. அங்கே அதுவரை இருண்ட ‘ஏ மைனர்’ சுருதியில் உழன்றுகொண்டிருந்த மெட்டு சற்றே வெளிச்சத்துக்கு வருகிறது. ஆனால் அதே இடத்தில்தான் பேசுபவர், மற்றவரின் சைகை மெய்யா பிரமையா என்று தடுமாறுகிறார். இசை கதவைத் திறக்கிறது. சொல் அதைச் சாத்துகிறது. மீண்டும் மாண்டலின், மீண்டும் அதே சுழற்சி. சொல்லி முடிக்க முடியாதவனின் பாட்டு, முடிவுக்கு வர மறுக்கும் வடிவத்தில் அமைந்திருக்கிறது. இதை எந்தப் பொழிப்புரையில் எழுதுவீர்கள்?

மற்றவர்களின் பங்கும் சொல்லத்தக்கது. மைக் மில்ஸின் பேஸ் கிதார் மாண்டலினுக்கு அடியில் ஓர் இரண்டாம் மெட்டாகவே நகர்கிறது. பில் பெர்ரியின் தாளம் ஆரவாரமின்றி நேராகச் செல்கிறது. அட்லாண்டா சிம்பொனி இசைக்குழுவினர் வாசித்த நரம்பிசை பின்னால் நிற்கிறது. அழச் சொல்லிக் கேட்பவரை நெருக்குவதில்லை. ஸ்டைப் குரலை ஒரே மூச்சில், ஒரே பதிவில் பாடி முடித்தார். இத்தனைக்கும் இவர், 1983இல் வந்த ‘மர்மர்’ என்ற முதல் இசைத்தொகுப்பில் சொற்கள் விளங்காதபடி முணுமுணுத்தே பாடியவர். அந்நாளைய ரசிகர்கள் காதில் விழுந்ததை வைத்துத் தமக்குத் தோன்றியபடி வரிகளை ஊகித்துக்கொண்டார்கள். சொல்லுக்கு முன் குரல் என்பதை அறிந்த ஒருவர், எட்டாண்டுகளுக்குப் பின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி பாடினார். அப்போதுதான் உரையாசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அப்படியானால் வரிகளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, நண்பர்கள் தேடும் இடத்தில் இல்லை. விருந்தொன்றில் கூட்டத்தோடு கலவாமல் ஒதுங்கி நிற்கும் கூச்ச சுபாவி ஒருவனையே ஸ்டைப் மனத்தில் வைத்திருந்தார். மூலையில் நிற்பவன் என்று சொன்னதை அடுத்து, சமையலறையில் நிற்பவன் என்றுதான் முதலில் எழுதியிருந்தார். பிறகு சமையலறையை நீக்கிவிட்டு, மேடையில் ஒருவர்மீது மட்டும் பாய்ச்சும் ஒளிவட்டத்தை அங்கே வைத்தார். 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’ நிகழ்ச்சியில் அவரே விளக்கிய செய்தி இது. ஒரு சொல் மாறியதும் நிகழ்ந்ததைப் பாருங்கள். மூலையும் சமையலறையும் ஒரே வகையான மறைவிடங்கள். மூலையும் ஒளிவட்டமும் எதிரெதிரானவை. ஒளிந்து நின்றவன் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டான். அல்லது எல்லோரும் தன்னையே பார்ப்பதாகக் கற்பித்துக்கொள்கிறான். காதலனும் மேடைப் பாடகனும் ஒரே உடலில் வந்து சேர்கிறார்கள். கவிதை நிகழ்ந்த இடம் இது. தலைப்போடு நின்றுவிட்ட கட்டுரையாளர் இந்தச் சொல்லருகே வரவேயில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பாட்டுக்காக எடுக்கப்பட்ட காணொளி முழுவதும் சமயப் படிமங்கள். இயேசுவின் விலாப்புண்ணில் விரலை வைத்துச் சோதிக்கும் தோமாவைக் கரவாஜ்ஜியோ தீட்டிய ஓவியத்தின் சாயல், அம்பு தைத்த புனித செபஸ்தியார், இந்துக் கடவுளரின் கோலங்கள், சிறகு கொண்ட கிழவன் என்று அடுத்தடுத்து வருகின்றன. இயக்கியவர் பஞ்சாபின் ஜாலந்தரில் பிறந்த தர்செம் சிங். ஸ்டைப் எளிய நேர்முகமான ஒரு காணொளியை விரும்பினார். தர்செமோ மிகையுணர்ச்சியும் கனவுத்தன்மையும் கொண்ட ஒருவகை இந்தியத் திரைப்படப் பாணியை விரும்பினார். இரண்டும் கலந்து வந்ததுதான் நாம் காண்பது. தார்க்கோவ்ஸ்கியின் தாக்கமும் அதில் உண்டு. ஆகவே, மதம் என்ற சொல்லின் நிழல் பாட்டின்மீது விழவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். காதலில் வழிபாட்டின் கூறு உண்டு. வழிபட்டவர் திரும்பிப் பார்க்காதபோது பக்தனுக்கு நேர்வது காதலனுக்கும் நேர்கிறது. இந்த அளவுக்கு ஒப்புவோம். நிழலைக் காட்டி அதுவே மரம் என்பதைத்தான் ஒப்ப மாட்டோம்.

அந்தச் சிறகு கொண்ட கிழவன் வந்தது காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் சிறுகதை ஒன்றிலிருந்து. நமது வாசகர்கள் அறிந்த கதைதான். முற்றத்துச் சேற்றில் விழுந்து கிடக்கிறான் பெருஞ்சிறகுகள் கொண்ட ஒரு கிழவன். ஊரார் அவனைக் கோழிக்கூண்டில் அடைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். பாதிரியார் வந்து இலத்தீனில் வணக்கம் சொல்கிறார். கிழவனுக்கு இலத்தீன் புரியவில்லை. ஆகவே போலியோ என்று ஐயுற்று மேலிடத்துக்கு மடல் எழுதுகிறார். மேலிடத்திலிருந்து கேள்விகள் வருகின்றன, விடை வருவதில்லை. கிழவனோ ஒருநாள் பறந்து போய்விடுகிறான். பாட்டைக் கண்டதும் அதன் கருத்து என்ன, கொள்கை என்ன என்று விசாரணை தொடங்கும் நம் நண்பர்கள் அந்தப் பாதிரியாரின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். காணொளியைச் சான்றுக்கு அழைத்தவர்கள் அதன் மூலக்கதையையும் ஒருமுறை படித்திருக்கலாம்.

முதல் அணியினர் இவ்வளவும் கேட்டுவிட்டு, ‘எப்படியானாலும் சந்தைச் சரக்குதானே’ என்பார்கள். 1988 முதல் அக்குழு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் இருந்தது உண்மை. பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியதும், 1992இல் இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றதும் உண்மை. ஆனால் மாண்டலினை முன்னிறுத்தி, பல்லவியும் இல்லாத ஒரு பாட்டை முதலில் வெளியிட அந்நிறுவனமே தயங்கியது என்பதும் உண்மை. அந்தத் தொகுப்புக்காக வழக்கமான இசைப்பயணம் போவதையும் குழுவினர் தவிர்த்தார்கள். சந்தையின் வாய்பாட்டில் பிறக்காத ஒன்று சந்தையில் வெல்வது எப்போதேனும் நடக்கும். அப்படி நடக்கும்போது வெற்றியையே குற்றச்சாட்டாக்குவது, முந்நூறு பிரதி அச்சிடுவதையே தகுதியாகக் கொள்ளும் நம் பழக்கத்தின் மறுபக்கம்.

ஒரு வேற்றுநாட்டுப் பாட்டுக்காக இத்தனை வாதம் ஏன் என்று கேட்கலாம். கல்லூரி வகுப்பறையில் தமிழ் கற்பிப்பதை வாழ்வாகக் கொண்டதால்தான். மேலே குறித்த கட்டுரையைப் படித்தபோது நமக்கு முதலில் வந்தது சினம். அடுத்து வந்தது வெட்கம். இப்படி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாமே! பாடுபொருள் யாது, மையக்கருத்து யாது, கவிஞர் உணர்த்தும் நீதி யாது என்று ஆண்டுதோறும் வினாத்தாளில் கேட்கிறோம். செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்று நான்கு ஓசைகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அகவலோசை எப்படி இருக்கும் என்று ஓர் ஆசிரியப்பாவை வாய்விட்டுப் படித்துக் காட்டிய வகுப்புகள் நம் கணக்கில் மிகச் சிலவே. ஓசை என்ற அதிகாரத்தையே ஓசையின்றி நடத்தி முடித்தவர்கள் நாம். அவ்வகுப்பில் மதிப்பெண் பெற்று வெளியேறியவர் ஒரு பாட்டைக் கேளாமலே ஆறு பக்கம் எழுதினால் அதில் வியக்க என்ன இருக்கிறது?

சென்ற பருவத்தில் இப்பாட்டை வகுப்பில் ஒலிக்கவிட்டோம். பொருள் சொல்லவில்லை. வரிகளை அச்சிட்டுக் கொடுக்கவில்லை. மூன்று முறை கேட்கச் செய்து, என்ன கேட்டது என்று மட்டும் வினவினோம். ஆங்கிலம் அதிகம் புரியாத ஒரு மாணவி, ‘யாரோ கதவுக்கு வெளியே நின்று, தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது, ஐயா’ என்றாள். நீட்சேயைத் துணைக்கழைத்தவர் சென்று சேராத இடத்துக்கு அவள் காதை மட்டும் நம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பில் பெர்ரி 1997இல் குழுவைவிட்டு விலகினார். 2011இல் குழுவே கலைந்தது. 2024 ஜூன் மாதம், பாடலாசிரியர்களுக்கான ஒரு கௌரவத்தைப் பெற நியூயார்க்கில் கூடியபோது, அறுபதைக் கடந்த அந்த நால்வரும் நெடுநாளைக்குப் பின் ஒரே மேடையில் நின்று ஒரு பாட்டை வாசித்தார்கள். அவர்கள் தேர்ந்தது இந்தப் பாட்டைத்தான். நண்பர்கள் அந்தப் பதிவைத் தேடிக் கேட்க வேண்டுகிறோம். கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டா. அதைச் சற்று நேரம் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கேட்ட பிறகும் மறுப்பிருந்தால் எழுதுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.